ஈய ஏடுகள்

இப்லீஸ் எழுப்பிய முதல் வாதம் பொருளைப் பற்றியது. ஆதம் (அலை) அவர்களுக்குச் சிரம் பணியுமாறு கட்டளை பிறந்தபோது, தான் நெருப்பால் ஆனவன் என்றும் அவரோ களிமண்ணால் ஆனவர் என்றும் சொல்லி அவன் மறுத்தான். அறிவைப் பற்றியோ அமலைப் பற்றியோ அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. மூலப்பொருளை எடைபோட்டுப் பார்த்து, ஒளிர்வது உயர்வு, சேறு தாழ்வு என்று தானே தீர்ப்பளித்துக்கொண்டான். திருமறை விரிவுரையாளர்கள் இவ்விடத்தில் சற்று நின்று, மண்ணுக்குப் பொறுமையும் அடக்கமும் விளைவிக்கும் தன்மையும் உண்டு, நெருப்புக்கோ அவசரமும் எரிக்கும் குணமுமே உண்டு என்று எடுத்துக்காட்டி, அவனுடைய அளவுகோலே கோணல் என்று நிறுவுவார்கள். முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு இப்பாடத்தைச் சொல்லி வருகிறேன். மண்ணையும் வைக்கோலையும் சாம்பலையும் காரீயத்தையும் கொண்டே தம் கலையை எழுப்பிய ஓவியர் ஒருவர் நம் காலத்தில் வாழ்கிறார் என்று கேள்விப்பட்டபோது, அவரை அறியவேண்டும் என்னும் ஆவல் எனக்கு இந்தப் பாடத்தின் வழியாகவே உண்டாயிற்று.

அவர் பெயர் ஆன்செல்ம் கீஃபர். ஜெர்மனியின் தென்மேற்கே, கருங்காடு எனப்படும் மலைக்காட்டுப் பகுதியிலுள்ள டோனாவெஷிங்கன் என்னும் சிற்றூரில், 1945ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிய இரண்டே மாதங்கள் இருந்தன. இடிந்து விழுந்த வீடுகளின் செங்கற்களே தம் பிள்ளைப் பருவத்து விளையாட்டுப் பொருள்கள் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு இடிபாடு என்பது ஒன்றின் முடிவு. அவருக்கோ அது கண் திறந்ததும் கண்ட முதல் உலகம். முதலில் சட்டமும் மொழியும் பயின்று, பின்னர் ஓவியத்துக்கு வந்தார். 1992இல் பிரான்சுக்குப் பெயர்ந்து, தெற்கே பார்ஜாக் என்னும் ஊரில் ஒரு பழைய பட்டுத் தொழிற்சாலையையும் அதைச் சூழ்ந்த ஏறக்குறைய 40 ஹெக்டேர் நிலத்தையும் தம் பணிக்களமாக்கிக் கொண்டார். அங்கே சுரங்கப் பாதைகள் வெட்டினார், கோபுரங்கள் எழுப்பினார், பின்னர் பாரிஸ் நகருக்கு அருகே ஒரு பெரிய கிடங்குக்கு இடம் மாறினார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும். நாம் பேச வேண்டியது அவருடைய கைப்பொருளைப் பற்றி.

ஓவியம் என்றதும் கித்தான் துணியும், குழைத்த வண்ணமும், மெல்லிய தூரிகையும் நம் நினைவுக்கு வரும். இவருடைய ஓவியங்களுள் பல, சுவரில் மாட்டப்பட்ட வயல்கள் போலிருக்கின்றன. வண்ணத்தை விரற்கடைக் கனத்துக்கு அப்பி, அது வெயிலில் வறண்ட ஏரியின் அடிமண்போல் வெடிக்கும்படி விடுகிறார். அதன்மேல் வைக்கோலை ஒட்டுகிறார், சாம்பல் தூவுகிறார், அரக்கை உருக்கிப் பூசுகிறார். தீக்கக்கும் கருவியால் வைக்கோலைக் கருக்கிப் பிறகு தண்ணீரால் அணைப்பதும் உண்டு. காரீயத்தை உருக்கி நேரே கித்தானின்மேல் ஊற்றி, அது இறுகியபின் தோலை உரிப்பதுபோல் பாதி உரித்துத் தொங்கவிடுவதும் உண்டு. சில ஓவியங்களைத் திறந்த வெளியில் மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுகிறார். அண்மைக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. செம்பை மின்பகுப்புத் தொட்டியில் இட்டு, அதிலிருந்து படியும் வண்டலை எடுத்து வண்ணமாகப் பூசுகிறார். பழைய செப்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்காமல் பல மாதம் போட்டு வைத்தால் ஏறுமே, அந்தப் பச்சைக் களிம்பின் நிறம் அது. நம் வீட்டுப் பெண்மக்கள் தேய்த்துத் தேய்த்துப் போக்குவதை இவர் தேடித் தேடிச் சேர்க்கிறார்.

அரக்கைப் பற்றி ஒரு சொல். இதைத் தருவது நம் நாட்டு மரங்களில் வாழும் சிறு பூச்சி. வடமொழியில் லாக்ஷா என்று வழங்கி, அரபியில் லக் என்றாகி, ஐரோப்பிய மொழிகளுக்குள்ளும் அதே ஒலியோடு சென்ற பொருள் இது. ஜெர்மானியக் கித்தானின் மேல் இருக்கும் அந்தப் பழுப்பு மினுக்கத்தில் நம் காட்டின் பங்கும் இருக்கிறது.

ஆனால் அவருடைய தலையாய பொருள் காரீயம். வலையின் ஓரத்தில் குண்டு கட்டும் கடற்கரை மக்களுக்கு அதன் இயல்பு தெரியும். கனமானது; மென்மையானது; நகம் பட்டாலும் கீறல் விழும்; தாள்போல் சுருட்டலாம்; 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். 1980களின் நடுவில், கொலோன் நகரப் பேராலயத்தின் பழைய ஈயக் கூரை பழுதுபார்க்கப்பட்டபோது, கழித்த தகடுகளை இவர் விலைக்கு வாங்கினார். போரில் சுற்றுப்புறம் முழுவதும் தரைமட்டமாகியும் நின்ற ஆலயம் அது. மனித வரலாற்றின் பாரத்தைச் சுமக்கத்தக்க கனம் இந்த உலோகத்துக்கு மட்டுமே உண்டு என்பது அவருடைய கருத்து. அரபி கற்றவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவு வரும். திருமறையின் 61ஆம் அத்தியாயத்தில், அணிவகுத்து நிற்போருக்கு உவமையாக வரும் உறுதியான கட்டடத்துக்கு ‘மர்ஸூஸ்’ என்னும் அடைமொழி உண்டு. காரீயத்தைக் குறிக்கும் ‘ரஸாஸ்’ என்னும் சொல்லும் அதே வேரினது. ஈயம் வார்த்து இணைத்த கட்டடம் என்றே பொருள் கொண்ட விரிவுரையாளர்களும் உண்டு. மிக மெல்லிய உலோகம், மிக உறுதியான இணைப்புக்குப் பெயர் தந்திருக்கிறது.

இனி, அந்தப் பாரம் என்ன என்பதைச் சொல்லவேண்டும். கீஃபர் வளர்ந்த ஜெர்மனியில் தந்தையர் பேசவில்லை. ஐரோப்பாவின் யூதர்களுள் ஏறக்குறைய 60 லட்சம் பேரைக் கொன்ற ஓர் ஆட்சி வீழ்ந்துவிட்டது. ஆனால் அதில் பணியாற்றியவர்கள் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் வீட்டுத் தலைவர்களாகவும் மீண்டும் அமர்ந்திருந்தார்கள். பள்ளியில் அந்தப் பாடம் சில வாரங்களில் கடந்து போயிற்று. கீஃபரின் தந்தையும் அப்படையில் அதிகாரியாக இருந்தவரே. 1969இல், 24 வயதில், தந்தையின் படையுடுப்பை அணிந்துகொண்டு இந்த இளைஞர் ஐரோப்பாவின் பல இடங்களில் நின்று, சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த நாஜி வணக்கத்தைத் தனியாகக் கையுயர்த்திச் செய்து படமெடுத்துக்கொண்டார். பலருக்கு அது அருவருப்பாயிற்று. 1980இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் இவர் ஓவியங்கள் ஜெர்மனியின் சார்பில் வைக்கப்பட்டபோதும், பழைய பேயை மீண்டும் எழுப்புகிறார் என்று தாய்நாட்டு விமரிசகர்களே தூற்றினர். பேசாமல் புதைத்த பிணம் புதைகுழிக்குள் இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று காட்டுவதற்கே அவர் அப்படிச் செய்தார் என்பது பிற்காலத்தில்தான் விளங்கிற்று.

ஒருவரின் பாவச் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. அந்தச் சுமைக்கு அரபியில் ‘விஸ்ர்’ என்று பெயர். அச்சொல்லின் நேர்ப்பொருளும் கனம் என்பதே. அப்படியாயின், போர் முடியும் தறுவாயில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கனத்தில் பங்கேது? பங்கில்லை. தந்தையின் குற்றம் மகனுக்கு எழுதப்படுவதில்லை. ஆயினும் சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்றும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. குற்றம் தந்தையுடையது; அதை அறிந்தபின் மறைத்தால், அந்த மறைப்பு மகனுடையது. கீஃபர் சுமப்பது முதலாவதை அன்று, இரண்டாவதைச் சுமக்க மறுத்ததால் வந்த கனத்தை. அவருடைய காரீயத்தை நான் இப்படித்தான் பொருள்கொள்கிறேன்.

பவுல் செலான் என்றொரு கவிஞர். 1920இல் செர்னோவிட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இருவரையும் வதைமுகாமில் இழந்தும், கொன்றவர்களின் மொழியான ஜெர்மன் மொழியிலேயே எழுதி, 1970இல் பாரிஸில் ஸேன் ஆற்றில் மூழ்கி மாண்டார். முகாம்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதையில் இரு பெண்கள் வருகிறார்கள். பொற்கூந்தல் கொண்ட ஜெர்மானியப் பெண் மார்கரெத்தே, சாம்பற்கூந்தல் கொண்ட யூதப் பெண் ஸூலமித். 1981 முதல் கீஃபர் இவ்விருவர் பெயரால் பல ஓவியங்கள் செய்தார். அவற்றில் பெண்ணுருவத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பொற்கூந்தலுக்கு வைக்கோலையே வைத்தார். மற்றவளுக்குச் சாம்பலும் கரியும். வைக்கோல் நாளடைவில் மங்கிக் கறுத்து உதிரும். எரிந்தால் அதுவும் சாம்பலே. ஒருத்தி மற்றொருத்தியாக மாறிக்கொண்டிருக்கிறாள். இதை வண்ணத்தால் தீட்டியிருந்தால் அது வெறும் உருவகமாக நின்றிருக்கும். பொருளே மெல்ல மெல்லச் செய்துகாட்டும்போது அது சாட்சியமாகிறது. 40 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் செலானை விடவில்லை. 2021இன் இறுதியில் பாரிஸில் அக்கவிஞருக்கென்றே ஒரு பெருங்கண்காட்சியை அமைத்தார்.

இங்கே ஒரு கேள்வி எழக்கூடும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் காஸாவின் இடிபாடுகளைப் படங்களில் கண்டு நெஞ்சு வெந்த நம் வீடுகளில், யூதர்களின் அழிவை நினைவுகூரும் ஓவியத்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று. வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்னும் கட்டளை, வசதியான காலத்துக்கு மட்டும் இடப்பட்டதன்று. நம்மவர் சிந்திய கண்ணீரை உலகம் நம்பவேண்டுமென்று கேட்கும் நாம், பிறர் சிந்திய கண்ணீரைக் கணக்கில் குறைத்தால் நம் சாட்சியமே செல்லாது. காஸாவின் உடைந்த சுவர்களுக்கிடையே கல்லடுக்கி விளையாடிய குழந்தைகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், செங்கல் அடுக்கி விளையாடிய அந்த ஜெர்மானியச் சிறுவனின் நினைவு எனக்கு வருகிறது. இவர்களுள் எவர், எதனைக் கைப்பொருளாகக் கொண்டு, என்ன சாட்சி சொல்லப் போகிறாரோ!

நூல்களை வைத்துப் பிழைக்கும் என் போன்றோரைக் கீஃபரின் படைப்புகளுள் அதிகம் உலுக்குவது ஓவியமன்று, ஒரு நூலகம். 1989இல் முடிவுற்ற அதற்கு ‘இரு நதி நாடு’ என்று பெயர். இரண்டு பெரிய இரும்பு அலமாரிகள். ஒன்று தஜ்லா, மற்றொன்று ஃபுராத். அவற்றில் ஏறக்குறைய 200 நூல்கள். அத்தனையும் காரீயத் தகட்டால் ஆனவை. ஒன்றை எடுப்பதற்கே பலர் கைகொடுக்க வேண்டும். எடுத்தாலும் புரட்டிப் படிக்க இயலாது. எழுத்தின் பிறப்பிடம் அந்த இரு நதி நாடு. பக்தாதின் அறிவு மாளிகையும் அங்கேதான் இருந்தது. 1258இல் ஹுலாகுவின் படை புகுந்தபோது நதியில் எறியப்பட்ட நூல்களின் மையால் தஜ்லா கறுத்து ஓடிற்று என்பது மரபுவழிச் செய்தி. 2003 ஏப்ரலில் அதே நகரின் தேசிய நூலகம் தீக்கிரையானதை நம் காலத்திலேயே கண்டோம். ஈய ஏடுகளை ஆறு கரைக்க முடியாது. ஆனால் தீ உருக்கிவிடும். கரையாமலும் படிக்கப்படாமலும் நிற்கும் ஓர் அறிவு எவ்வளவு பெரிய துயரம் என்பதை, அரபுத்தமிழ்க் கிதாபுகளை அலமாரியில் வைத்துக்கொண்டு, அவற்றை ஓதத் தெரியாத பேரப்பிள்ளைகளோடு வாழும் நம் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நூல் எரிப்பு என்பது ஜெர்மானியருக்கு உள்வீட்டுக் கதை. 1933 மே 10ஆம் நாள் பெர்லினில் மாணவர்களே நூல்களைக் குவித்து எரித்தனர். அந்தச் சதுக்கத்தில் இன்று, ஹைன்ரிஷ் ஹைனே என்னும் கவிஞரின் ஒரு வரியைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். நூல்களை எரிக்கும் இடத்தில் முடிவில் மனிதரும் எரிக்கப்படுவர் என்னும் கருத்தமைந்தது அது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாது. 1820களின் தொடக்கத்தில் ஹைனே எழுதிய ‘அல்மன்ஸூர்’ என்னும் நாடகத்தில், கிரனாடாவின் சந்தையில் கிறித்துவக் கர்தினாலின் ஆணையால் திருக்குர்ஆன் எரிக்கப்பட்ட செய்தியைக் கேட்டு ஒரு முஸ்லிம் பாத்திரம் பேசுவது அது. யூதக் குடியில் பிறந்த கவிஞர் ஒருவர், ஆந்தலூஸிய முஸ்லிமின் வாயில் வைத்த சொல், பின்னர் யூதர்களுக்கே நேர்ந்தது. கீஃபரும் 1970களில் எரிந்து கரியான ஏடுகளால் நூல்கள் செய்தவர்.

மற்றொரு சொல்லும் நம்மோடு உறவுடையது. 2007இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் தன் மாடிப்படிச் சுவருக்கென ஒரு நிலையான ஓவியத்தை இவரிடம் கேட்டுப் பெற்றது. 1953இல் பிராக் என்னும் ஓவியருக்குப் பிறகு அங்கே இப்பேறு பெற்றவர் இவரே. ஏறக்குறைய 10 மீட்டர் உயரமுள்ள அவ்வோவியத்தில் நிர்வாணமாக ஒருவர் தரையில் கிடக்கிறார், மேலே விண்மீன்கள். அடியில் காரீயம், இடையில் வெள்ளி, மேலே பொன். அதன் பெயர் ‘அதனோர்’. ரசவாதிகள் இரவும் பகலும் அணையாது வைத்திருந்த உலைக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர் இது. நம் ‘அத்தன்னூர்’ தான் அப்படித் திரிந்தது. நூஹ் (அலை) அவர்களின் காலத்தில் பிரளயத்தின் அடையாளமாகப் பொங்கியது என்று திருமறை குறிக்கும் அடுப்பு அதே தன்னூர். ரொட்டி சுடும் அடுப்பு நீரைக் கக்கியது. உலோகம் சமைக்கும் அடுப்பு பொன்னைக் கக்கும் என்று காத்திருந்தார்கள். ஒரே சொல்லுக்குள் அழிவும் ஆசையும் இருக்கின்றன.

காரீயத்தைப் பொன்னாக்கும் இக்கலையை ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்கள் விரித்துரைத்தன. இப்னு ஸீனா அதை ஒப்பவில்லை; இப்னு கல்தூனும் தம் முகத்திமாவில் கடுமையாகவே மறுத்தார். கஸ்ஸாலி இமாமோ அச்சொல்லை எடுத்து, ‘கீமியாயே ஸஆதத்’ என்று நூலுக்குப் பெயரிட்டு, உள்ளத்தை மாற்றும் கலைக்கு ஆக்கிக்கொண்டார்கள். கீஃபர் இந்த மூன்றாம் வழியைச் சார்ந்தவர்போல் தோன்றுகிறார். உலையில் பொன் விளையும் என்று நம்புபவர் அல்லர், உலையை அணையவிடாமல் காப்பவர்.

மிலான் நகரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது இவருடைய படத்தொகுதி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அச்சிட்ட தாளில் கனம் தெரிவதில்லை. எல்லாம் வழுவழுப்பாகவே இருக்கின்றன. ஆகவே அவர் கண்ணால் கண்டதைச் சொல்லச் சொன்னேன். அந்நகரின் ஓரத்தில் ஒரு பழைய தொழிற்சாலைக் கூடம். 2004 முதல் அங்கே கீஃபரின் ‘ஏழு வான மாளிகைகள்’ நிற்கின்றன. கான்கிரீட்டால் வார்த்த ஏழு கோபுரங்கள். ஒவ்வொன்றும் 90 டன். சுமார் 14 முதல் 18 மீட்டர் உயரம். சரக்குப் பெட்டகங்களை அச்சாகக் கொண்டு வார்த்த கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, நிலைகளுக்கிடையே ஈய நூல்களைச் செருகி நிறுத்தியிருக்கிறார். “விழப்போவதுபோலவே நிற்கின்றன, ஹஜ்ரத்! அடியில் போய் நிற்கக் கால் கூசுகிறது. அண்ணாந்து பார்த்தால், கோபுரத்தைத் தாங்குவது கான்கிரீட்டா, அந்தப் புத்தகங்களா என்று தெரியவில்லை” என்றார். அந்த வாக்கியத்துக்காகவே அவருக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் வரவழைத்தேன்.

ஏழு வானம் என்றதும் நமக்கு மிஃராஜ் நினைவு வரும். கீஃபர் எடுத்துக்கொண்டது, யூதர்களின் தொன்மையான ஞான நூலொன்றில் வரும், ஏழு மாளிகைகளின் வாயில்களைக் கடந்து இறைச் சந்நிதியை நாடும் பயணத்தை. அந்தக் கோபுரங்களுள் ஒன்றுக்கு ‘அராரத்’ என்று பெயர். உச்சியில் ஈயத்தாலான ஒரு சிறு கப்பல். கப்பல் தங்கிய மலையை நம் மறை ஜூதி என்று கூறும். ஈயக் கப்பல் மிதக்காது என்பதைச் சிறுவனும் அறிவான். வானேறும் கோபுரம் சாய்ந்து நிற்கிறது. காப்பாற்ற வேண்டிய கப்பல் மூழ்கும் உலோகத்தால் ஆகியிருக்கிறது. தொன்மக் கதையை அவர் நம்பிக்கையாகவும் தரவில்லை, ஏளனமாகவும் தரவில்லை. அதைத் தாங்குமா என்று கனமேற்றிப் பார்க்கிறார். 2015இல் அதே கூடத்தில் ஐந்து பெரிய ஓவியங்களும் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, அவருடைய இந்தியப் பயணத்தின் நினைவாக ‘ஜெய்ப்பூர்’ என்று பெயர் பெற்றது. வேறு இரண்டில் விண்ணிலிருந்து உதிரும் மீன்களாகக் கறுத்த சூரியகாந்தி விதைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன.

தொன்மங்களை இப்படி எடுத்தாள்வதை நாம் எவ்விதம் கொள்வது? அரபியில் ‘அஸாத்தீர்’ என்றொரு சொல், பழங்கட்டுக்கதைகள். இறைவேதத்தையே அப்படிப் பழித்தார்கள் மக்கத்துக் குறைஷிகள். மற்றொரு சொல் ‘இப்ரத்’, படிப்பினை. கடந்து அக்கரை செல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள். கதையை இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகும் ஓடமாகக் கொண்டால் இப்ரத். ஓடத்திலேயே குடியிருந்தால் அஸாத்தீர். நாஜிகள் ஜெர்மானியப் பழங்கதைகளில் குடியிருந்தார்கள். ஊரையும் உலகையும் எரித்தார்கள். அதே கதைகளைக் கீஃபர் மீண்டும் தொட்டது ஆபத்தான செயலே. தம் மக்கள் அழிக்க முயன்ற யூதர்களின் ஞானக் கதைகளையும் அவர் பின்னர் எடுத்துக்கொண்டார். இது உரிமையா, அமானிதமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். அவற்றைப் பொலிவாக்கிக் காட்டாமல், சாம்பலோடும் ஈயத்தோடும் வைத்ததனால், அமானிதம் என்றே நான் கொள்கிறேன்.

உருவப்படங்களைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை வாசகர்கள் அறிவார்கள். படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கீஃபரின் பிற்காலக் கித்தான்களுள் பெரும்பாலானவற்றில் காண்பது உழுத வயல், பனி, சூரியகாந்தி, இடிந்த மண்டபம், விண்மீன். லூவரில் கிடப்பவர் போன்ற மனிதர் அரிதாகவே வருகிறார். வரவேண்டிய இடங்களில் அவருடைய வெற்றுடுப்பு மட்டும் தொங்குகிறது. இதனை மார்க்கத்துக்கு இணங்கிய ஓவியம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அந்த நோக்கத்தில் செய்தவரும் அல்லர். மனித உருவை வைக்காமலே மனிதனின் இன்மையைக் காட்ட முடியும் என்பது, ஓவியம் என்றாலே முகம் என்று எண்ணுவோருக்குப் புதிய செய்தி.

இனிக் குறை. 2022இல் வெனிஸ் நகர டியூக்குகளின் மாளிகையில், முற்காலத்தில் வாக்குகளை எண்ணிய பெருமண்டபத்தின் சுவர்களை அவருடைய கித்தான்கள் கூரைவரை மூடின. 1577இல் தீப்பிடித்து எரிந்து, பின் புதிய ஓவியங்களால் அணிசெய்யப்பட்ட மண்டபம் அது. அந்த மாளிகை தீயில் நிற்பதையே வரைந்து, உண்மையான ஆடைகளையும் காலணிகளையும் ஒட்டி, எங்கும் பொன்ரேக்கு இழைத்திருந்தார். 2024இல் ஃபிளாரன்ஸ் நகர மாளிகை ஒன்றின் முற்றத்தில், 7 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ‘வானவர் வீழ்ச்சி’ என்னும் ஓவியம் வைக்கப்பட்டது. அதிலும் மேற்புறமெல்லாம் பொன், கீழே வீழ்த்தப்பட்டோர். இவற்றின் பரப்பும் பொலிவும் காண்போரை வாயடைக்கச் செய்வன என்பதில் ஐயமில்லை. ஆனால் வாயடைத்தவன் சிந்திக்கிறானா? காரீயத்தோடு நீண்ட காலம் இருந்தவர் கடைசியில் பொன்னைக் காட்டும்போது, அது உலையில் விளைந்த பொன்னா, கடையில் வாங்கிய பொன்னா என்று கேட்கத் தோன்றுகிறது. பேரழிவு அழகாகிவிடும் இடம் எதுவோ, அங்கே சாட்சி தன் குரலில் தானே மயங்கிவிடுகிறான். மிலானின் கோபுரங்களிலும் இரு நதி நூலகத்திலும் அந்த மயக்கம் இல்லை. பொன்ரேக்குக் கித்தான்கள் சிலவற்றில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒளிர்வதே உயர்வு என்ற அந்தப் பழைய கோணல் அளவுகோல் எவர் பட்டறைக்குள்ளும் நுழைந்துவிடும்.

மத்ரஸாவில் முஅல்லகாத் ஓதிய நாளில், அரபுக் கஸீதாவின் தொடக்கத்தை எங்கள் உஸ்தாத் அவர்கள் விளக்கியது எனக்கு நன்கு நினைவிருக்கிறது. கவிஞன் பாலைவழியே செல்கிறான். காதலியின் கூட்டத்தார் கூடாரம் பெயர்த்துப் போன இடம் எதிர்ப்படுகிறது. அடுப்புக் கற்கள், சாணம், முளையடித்த குழி, மழைநீர் ஓடிய வாய்க்கால். அவன் நிற்கிறான், உடன் வருவோரையும் நிறுத்துகிறான், அழுகிறான். இதற்கு ‘இடிபாட்டில் நிற்றல்’ என்றே பெயர். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய லபீத் (ரலி) அவர்கள், அழிந்த குடியிருப்பின் தடத்தைத் தேய்ந்த எழுத்துக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் எந்தக் கஸீதாவும் அங்கேயே முடிவதில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கவிஞன் ஒட்டகத்தின்மேல் ஏறியே ஆகவேண்டும். அதன் வேகத்தையும் திமிலையும் பல அடிகளில் புகழ்ந்து, புகழுக்கோ போருக்கோ விருந்துக்கோ போய்ச் சேரவேண்டும். இலக்கணம் அப்படி.

2025 மார்ச் மாதம் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு அருங்காட்சியகங்கள் சேர்ந்து கீஃபரின் கண்காட்சியைத் திறந்தன. ஒன்று வான்கோவின் பெயரில் அமைந்தது. 18 வயதில், 1963இல், வான்கோ நடந்த வழியைப் பின்பற்றி ஹாலந்திலிருந்து தெற்கு பிரான்சுவரை பயணம் செய்தவர் கீஃபர். வான்கோ வண்ணத்தால் சுழற்றிய விண்மீன் இரவை, இவர் வைக்கோற்புரியால் சுழற்றியிருந்தார். மற்றொன்றில் மாடிப்படியைச் சுற்றி ஏறக்குறைய 24 மீட்டர் நீளத்துக்கு ஒரு புதிய படைப்பு. மலர்கள் எங்கே போயின என்று கேட்கும், போர்க்கால மரணங்களைப் பற்றிய பழைய பாடல் ஒன்றின் பெயரையே அதற்கு இட்டிருந்தார். வண்ணத்தில் தோய்த்து விறைப்பாக்கிய படையுடுப்புகள், பெரியவையும் சிறியவையும், ஆளில்லாமல் வரிசையாகத் தொங்கின. காய்ந்த ரோஜா இதழ்கள் அவற்றினூடே சிந்திக் கிடந்தன. கண்காட்சி திறந்த மறுநாள் அவருக்கு 80 வயது நிறைந்தது. அவருடைய ஒட்டகம் இன்னும் எழுந்திருக்கவில்லை.